உன் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியவை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். தேர்வுத்தாள் திருத்தும் வேலை ஒரு பக்கம், அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை இன்னொரு பக்கம். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள், செய்தித்தாளின் பொடி எழுத்தைக்கூட வாசித்துக் காட்டுகிறாள். நீ வேலை மாறியது எனக்கு ரொம்ப சந்தோஷம், அந்தப் பழைய இடத்தில் நீ இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பையனுக்குப் பதினைந்து முடியப்போகிறது, மகளுக்குப் பன்னிரண்டு, உடம்பைப் பற்றி எதை எப்படிச் சொல்வது, ஒருநாள் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஒரே நாளில் வேண்டாம். அப்படிச் சொன்னால் நீ எப்போது முடிப்பாய் என்றுதான் காத்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, சமைக்கும்போதும் வண்டியில் போகும்போதும் சொல். இத்தனை வருஷம் உயிரியல் நடத்தியதில் நான் பார்த்தது என்னவென்றால், இந்த வயதுப் பிள்ளைகள் தெரியாததால் படுகிற கஷ்டத்தைவிட வெட்கப்பட்டு மறைப்பதால் படுகிற கஷ்டம்தான் அதிகம். அதனால் எது எல்லோருக்கும் நடப்பது, எது நடந்தால் நள்ளிரவானாலும் அம்மாவை எழுப்ப வேண்டியது, இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

பையனில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மகளுக்காவது யாராவது ஏதாவது சொல்லித் தருகிறார்கள், பையன்களைத் தானாகத் தெரிந்துகொள்வான் என்று விட்டுவிடுகிறோம். அவனுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது விரை முறுக்கல். விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் உள்ள தண்டு திடீரென்று முறுக்கிக்கொள்ளும், ரத்த ஓட்டம் நின்றுவிடும். 12 முதல் 18 வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது. ஒரு பக்கம் கடுமையான வலி, வீக்கம், குமட்டல், வாந்தி. சில பையன்களுக்குத் தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடும், சிலர் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், அதற்கப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், ஒரு நாள் தாண்டினால் பெரும்பாலும் விரையையே எடுக்க வேண்டி வரும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று காலை வரை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் பையன்கள் இருக்கிறார்கள், அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. நீ சொல்லத் தயங்கினால் அவன் அப்பாவைச் சொல்லச் சொல், ஆனால் இந்த வாரமே சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் அவன் பயப்படத் தேவையில்லாதவை. குரல் உடையும். தூக்கத்தில் விந்து வெளியேறும். இந்த வயதில் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்பில் லேசான வீக்கம் வரும், ஹார்மோன் மாற்றம்தான் காரணம், பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாக வடிந்துவிடும். இது தெரியாமல் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு நீச்சலை விட்ட பையன்களை எனக்குத் தெரியும். வகுப்பில் பெண் பிள்ளைகளைவிடக் குட்டையாக இருக்கிறான் என்று எழுதியிருந்தாய் அல்லவா, பெண்களுக்கு வளர்ச்சி வேகம் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பருவ மாற்றம் பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அதற்கு முன்பே தொடங்கினாலோ அந்த வயது தாண்டியும் அறிகுறியே இல்லை என்றாலோதான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுத்து தூக்கம். சோம்பேறி ஆகிவிட்டான், ராத்திரி பன்னிரண்டு வரை முழித்திருக்கிறான், காலையில் எழுப்பவே முடியவில்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கோபப்படுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள். தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் இந்த வயதில் முன்பைவிடத் தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கிறது. சின்ன வயதில் எட்டரைக்கே கண்ணைக் கசக்கிய அதே பிள்ளைக்குப் பத்தரை, பதினொன்று வரை தூக்கம் வராமல் இருப்பது நடிப்பு இல்லை. ஆனால் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, பள்ளி மணி அதற்காகத் தள்ளிப்போகாது. இந்தக் காரணத்தினால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், பதின்வயதினருக்குப் பள்ளியைக் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அது எல்லா ஊரிலும் நடக்கும்வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் வேலை செய்யும். காலையில் எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்கட்டும், உடம்பின் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது காலை வெளிச்சம்தான். போனை ராத்திரி வேறு அறையில் சார்ஜ் போடுங்கள், அவனுடையதை மட்டும் பிடுங்காதே, வீட்டில் எல்லோருடையதும் அங்கேயே இருக்கட்டும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், மதியம் வரை விடாதே, மறுநாள் ராத்திரி தூக்கம் இன்னும் தள்ளிப்போய்விடும். காபி குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும், ஆகவே மதியத்துக்கு மேல் வேண்டாம். எனர்ஜி டிரிங்க்? அது இந்த வயதுக்கு எந்த நேரத்திலும் வேண்டாம், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தூக்கம் சரியானால் எரிச்சல், மறதி, பாடத்தில் கவனமின்மை என்று நீ அடுக்கியிருந்த புகார்களில் பலவும் குறையும் என்று நம்புகிறேன்.

இப்போது மகள். அவளுக்குப் பீரியட்ஸ் இன்னும் வரவில்லை என்றால் இன்றே சொல்லிவிடு, ரத்தத்தைப் பார்த்த பிறகு சொல்வது தாமதம். பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். முதல் சில வருஷம் மாதம் தவறாமல் வராது, 21 நாளிலிருந்து 45 நாள் வரை இடைவெளி இருப்பது சாதாரணம். ஏழு நாளைக்கு மேல் நீடித்தால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால், 15 வயதாகியும் முதல் பீரியட்ஸே வரவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். வலியைப் பற்றி நம் காலத்தில் 'பொறுத்துக்கொள், பெண் என்றால் அப்படித்தான்' என்றார்கள், அதை நீ திருப்பிச் சொல்லாதே. கர்ப்பப்பையைச் சுருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளால்தான் வலி வருகிறது, அதைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு, எது, எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். மாத்திரை போட்டும் மாதாமாதம் பள்ளிக்கு லீவு போடும் அளவுக்கு வலி என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம், தேடிப் பார்க்கத்தான் வேண்டும். இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியட்டும். தெரிந்த பையன் கிண்டல் செய்ய மாட்டான்.

அவளிடம் இன்னொன்றையும் கவனி: இரும்புச்சத்து. 14 வயதுக்கு மேல் பையனுக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் தேவை என்றால் பெண்ணுக்கு 15. பீரியட்ஸில் இழப்பதை உணவில் ஈடுகட்டாவிட்டால் ரத்தசோகை வரும், ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் அதுதான். படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், படித்தது மண்டையில் ஏறாது, வீட்டிலும் பள்ளியிலும் 'கவனமே இல்லை' என்று திட்டு வாங்குவாள். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். கீரை, பயறு, முட்டை, மீன், இறைச்சி எது உங்கள் வீட்டில் ஒத்துவருமோ அது, கூடவே எலுமிச்சையோ ஆரஞ்சோ இருந்தால் செடிகளில் உள்ள இரும்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது தடைபடும்.

எலும்பு இரண்டு பேருக்கும் பொது. வாழ்நாள் முழுவதும் நம்மைத் தாங்கும் எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. 9 முதல் 18 வயது வரை கால்சியம் ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் என்கிறார்கள், ஒரு பெரிய டம்ளர் பாலில் கிட்டத்தட்ட 300 இருக்கும், மீதியைத் தயிர், எள், கீரை என்று சேர்க்க வேண்டும். ஓட்டமும் குதிப்பும் இல்லாமல் கால்சியம் மட்டும் எலும்பைக் கட்டாது. உலக சுகாதார நிறுவனம் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் உடல் உழைப்பு என்கிறது, நடனமாக இருந்தாலும் சைக்கிளாக இருந்தாலும் சரி. 'குண்டாகிவிட்டாய்', 'எலும்பும் தோலுமாக இருக்கிறாய்' என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், உறவினர்கள் சொன்னாலும் அங்கேயே தடுத்துவிடு. அந்த ஒரு வாக்கியத்தில் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்து வளர வேண்டிய வயதில் வாடிப்போன பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

பரு வந்தால் கிள்ள வேண்டாம், யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பூச வேண்டவே வேண்டாம், டாக்டர் தரும் மருந்தும் வேலை செய்ய ஒன்றிரண்டு மாதம் ஆகும், பொறுமை வேண்டும். இயர்போன் சத்தத்தைப் பாதிக்குச் சற்று மேல் நிறுத்தப் பழக்கு. உள்காதில் ஒலியை உணரும் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி வளராது.

மனசைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருந்தாய், எனக்கோ அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரியவர்களுக்கு மனச்சோர்வு அழுகையாகத் தெரியும், இந்த வயதில் அது பெரும்பாலும் எரிச்சலாகவும் கோபமாகவும் வரும், நாம் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் ஒதுக்கி, சாப்பாடும் தூக்கமும் மாறிப்போய் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேள். சாக வேண்டும் போல இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று பயப்படாதே, ஆகாது. கேட்ட நிம்மதியில் மனம் திறக்கும் பிள்ளைகள்தான் அதிகம். ஆமாம் என்று சொன்னால் திட்டாதே, அறிவுரை சொல்லாதே, தனியாக விடாதே, உடனே மருத்துவ உதவிக்குப் போ.

தடுப்பூசிப் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசிக்கு 9 முதல் 14 வரைதான் சிறந்த வயது, மகளுக்கு இப்போதே போடலாம். பல நாடுகளில் பையன்களுக்கும் போடுகிறார்கள், அவனுக்கும் கேட்டுப் பார்.

அப்புறம், டாக்டரிடம் கூட்டிப்போகும்போது நீயே எல்லாப் பதிலையும் சொல்லாதேடி. கடைசிப் பத்து நிமிடம் வெளியே வந்து உட்கார், பிள்ளை தனியாகப் பேசட்டும். உள்ளே என்ன பேசினாய் என்று வீடு வரும்வரை துருவாதே. பையனிடம் அந்த முக்கியமான விஷயத்தைச் சொன்னீர்களா, அவன் முகம் எப்படி மாறியது, என்ன கேட்டான் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அம்மா உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி