பாறை வழியாகக் கடலில் இறக்கிவிட்டவர்களுக்கு

புவேர்த்தோ மலாப்ரிகோவில் எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

உங்களுக்கான ஸ்பானியக் கடிதம் தனியாக வந்து சேர்ந்திருக்கும். அக்கா திருத்திக் கொடுத்ததால் அதில் பிழை இருக்காது. ஆனால் திருத்தத் திருத்த மரியாதை கூடிப்போய், தாலுகா ஆபீசுக்குப் போட்ட மனு மாதிரி ஆகிவிட்டது. மனம் திறந்து எழுத எனக்குத் தமிழ்தான் வருகிறது. தவிர, சிகாமா அலையில் பலகை வைத்துச் சறுக்க (சர்ஃபிங்) இனி அங்கே போகப்போகும் நம்மவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். போய் இறங்கும்போது யார் யாருக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியட்டுமே.

தெரியாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிகாமா அலை இருப்பது இந்த மலாப்ரிகோவில்தான். பெருவின் வடக்கே த்ருஹியோ நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பான் அமெரிக்கன் நெடுஞ்சாலையில் பைஹான் வரை போய்க் கடல் பக்கம் திரும்ப வேண்டும். வழியில் கொஞ்ச தூரம் கரும்பு, அப்புறம் வெறும் மணல். தெற்கிலிருந்து ஏறி வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிர வைத்துவிடுகிறது. குளிர்ந்த கடலுக்கு மேல் காற்று எழும்புவதில்லை, அதனால் மழையும் இல்லை. காருவா என்று அவர்கள் சொல்லும் மூடுபனி மட்டும் காலையில் வந்து எல்லாவற்றையும் ஈரமாக்கிவிட்டுப் போகும். ஒரு காலத்தில் சர்க்கரை ஏற்றிய நீளமான பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போது அந்த ஊருக்குச் சோறு போடுவது நெத்திலியும் மீன்மாவு ஆலைகளும். ஆலை ஓடும் நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

அந்த ஊரின் தெற்கு முனையில் தொடங்குகிறது அலை. இடப்பக்கமாக உடைந்துகொண்டே போகிற அலைகளில் உலகிலேயே நீளமானது என்ற பெயர் அதற்கு உண்டு. மால்பாசோ, கீஸ், எல் பாயிண்ட், எல் ஓம்ப்ரே என்று பகுதிக்கு ஒரு பெயர். எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல். கீழே போகப் போக மணல்தான். ஏறும் இடத்தில் பாறை.

முதல் நன்றி, அந்தப் பாறையில் எங்களைத் தடுத்து நிறுத்திய பெரியவருக்கு.

ஐயா, நீங்கள் அன்றைக்குச் சொன்னது ஒரே சொல். "எஸ்பேரா." பொறு. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேலெல்லாம் மயிர்க்கூச்செறிய, இதோ இறங்கிவிடலாம் என்று நின்றவர்களைக் கையைக் குறுக்கே நீட்டி மறித்தீர்கள். கடல் அப்போது சாதுவாகத்தான் இருந்தது. எங்களுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்கூட. நீங்கள் வேட்டைக்காரர் மாதிரி அசையாமல் நின்றீர்கள். பிறகு வந்தது செட், அதாவது அடுத்தடுத்து வரும் பெரிய அலைகளின் வரிசை. நாங்கள் நிற்க நினைத்த பாறை அலைக்குள் முழுசாக மறைந்து, வெள்ளையாக வழிந்து, திரும்ப வெளியே வந்தது. கடைசி அலை பாறைமேல் ஏறும்போது "யா!" என்று, இப்போது என்ற பொருளில், முதுகில் தட்டினீர்கள்.

நீங்கள் கற்றுக்கொடுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களைச் சந்திக்கும் வாய்ப்பு இல்லாதவர்களுக்கும் பயன்படட்டும். பச்சைப் பாசி படிந்த பாறை வழுக்கும். சிப்பி ஒட்டிய கறுப்புப் பாறை பிடி கொடுக்கும், ஆனால் அறுக்கும். கால் வைப்பதானால் கறுப்பில் வை, குதிக்காதே, தேய்த்துத் தேய்த்து நட. காலையும் பலகையையும் இணைக்கும் லீஷ் கயிற்றைத் தளர விடாமல் சுருட்டிக் கையில் பிடி, பாறை இடுக்கில் மாட்டினால் அடுத்த அலை உன்னை அங்கேயே வைத்து அடிக்கும். பலகையை உனக்கும் அலைக்கும் நடுவே குறுக்காகப் பிடிக்காதே. பக்கவாட்டில், மூக்கு கடலைப் பார்த்து இருக்கட்டும். தண்ணீர் பாறைமேல் ஏறி நிறைந்திருக்கும் அந்த இரண்டு மூச்சு நேரத்தில் பலகைமேல் படுத்துத் துழாவத் தொடங்கு. எழுந்து நின்று வேடிக்கை பார்ப்பதெல்லாம் அப்புறம்.

இன்னொன்றும் சொன்னீர்கள். அலை எழும் இடத்துக்கு நேராக இறங்கக் கூடாது. முனையை ஒட்டி நீரோட்டம் எப்போதும் ஊர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே இறங்குவது இன்னும் மேலே, முனைக்கு அருகில். வெளியேறுவது பாறைப் பக்கமே கூடாது. களைத்துப்போனால் நீரோட்டத்தோடு மணல் வரைக்கும் போய்விடு, நடந்து திரும்பு. நடந்தோம் ஐயா. அந்த மணலில் வெட்சூட் என்ற இறுக்கமான ரப்பர் உடுப்போடு திரும்பி நடப்பதைப் பற்றி மட்டும் நீங்கள் எச்சரிக்கவில்லை.

எங்கள் கைபேசியில் இருந்த அலைக் கணிப்பைப் பார்த்து நீங்கள் உதட்டைப் பிதுக்கியதையும் சொல்ல வேண்டும். அந்தக் கணிப்புகளுக்கு அடியில் இருப்பது அமெரிக்க வானிலை ஆய்வாளர்கள் உருவாக்கி, யாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட வேவ்வாட்ச் என்ற கணினிக் கணிப்பு முறை. அவர்களுக்கும் நன்றி சொல்லியே ஆக வேண்டும். 16 நொடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். தென் பசிபிக்கின் புயலிலிருந்து 5,000 கிலோமீட்டர் தாண்டி வர நான்கு நாளுக்கு மேல் ஆகும். அதை முன்கூட்டியே சொன்னதால்தான் பஸ் டிக்கெட்டை மாற்றாமல் காத்திருந்தோம். ஆனால் நீங்கள் விரலால் காட்டியது உயரத்தை அல்ல, திசையை. முழுக்கத் தெற்கிலிருந்து வந்தால் பெரும்பகுதி முனையைத் தாண்டி நேராக வடக்கே போய்விடும். தென்மேற்கிலிருந்து வந்தால்தான் உள்ளே வளையும். நீண்ட இடைவெளி அலைக்கு அலைநீளமே 400 மீட்டர் வரும், 200 மீட்டர் ஆழத்திலேயே அது தரையை உணரத் தொடங்கிவிடும். முனையை ஒட்டிய பக்கம் ஆழம் குறைவதால் அங்கே வேகம் குறைய, வெளிப்பக்கம் முந்திக்கொண்டு வந்து அலையே முனையைச் சுற்றித் திரும்புகிறது. இதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் உள்ளங்கையைப் பாறையாகவும் மறுகையை அலையாகவும் வைத்து ஒரு நொடியில் காட்டியது இதைத்தான்.

அடுத்து, ஸோடியாக் என்ற ரப்பர் படகை ஓட்டிய அண்ணனுக்கு. நீரோட்டத்தை எதிர்த்து மணிக்கணக்கில் துழாவ முடியாதவர்களுக்கு நீங்கள்தான் கதி. அலையின் கடைசியில் தலையை நீட்டினால் எங்கிருந்தோ வந்து நிற்பீர்கள். ஏறும்போது பலகையின் அடியில் உள்ள ஃபின் (செதில்) ரப்பரைக் குத்தாமல் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும், ஒவ்வொருவரிடமும், அலுக்காமல் சொன்னீர்கள். படகு வைத்து ஏற்றிவிடுவது சோம்பேறித்தனம், அலையில் கூட்டம் சேருகிறது என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. படகு இல்லாவிட்டால் பாதிப் பேர் இரண்டு அலையோடு கரையேறிவிடுவார்கள், மிச்சம் ஊர்ப் பையன்களுக்கு. ஆனாலும் கூட்டம் அதிகமான காலையில் நீங்களாகவே எங்களை மேலே கொண்டுபோகாமல் எல் ஓம்ப்ரே பக்கம் இறக்கிவிட்டு, "அங்கே பிள்ளைகள் ஆடட்டும்" என்று சைகை காட்டினீர்களே, அந்த அளவு கணக்கு உங்களிடம் இருந்தது.

பலகை சரிசெய்த மேஸ்ட்ரோவுக்குத் தனி வணக்கம். விமானத்தில் வந்த இரண்டு பலகைகளில் ஒன்றுக்கு மூக்கு நசுங்கியிருந்தது. எந்த விமானம் என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. உறை மேல் 'உடையும் பொருள்' என்று பெரிதாக ஒட்டியிருந்தார்கள் என்பது மட்டும் வேடிக்கை. நீங்கள் விலையைப் பேசும் முன்பே உடைந்த இடத்தைச் சுரண்டி, உள்ளே இருந்த நுரையை விரலில் நசுக்கிப் பார்த்தீர்கள். குருணை குருணையாக உதிர்ந்தது. பாலியெஸ்டர் பிசின் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு எபாக்சியை எடுத்தீர்கள். அந்த நுரைமேல் பாலியெஸ்டர் பட்டால் நுரையே கரைந்து குழி விழுந்துவிடும். அவசரக்காரர் கையில் அகப்பட்டிருந்தால் பலகை போயிருக்கும். வேலையை விடியலில்தான் செய்வேன் என்றதற்கும் காரணம் புரிந்தது. காற்று கிளம்பிவிட்டால் பாலைவன மணல் பறந்து வந்து ஈரப் பிசினில் ஒட்டிக்கொள்ளும். கதவிடுக்கில் ஈரத்துணி சொருகி வைத்து வேலை பார்த்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒட்டு இன்னும் கண்ணாடியாக இருக்கிறது.

சுகாதார நிலையத்தில் அன்றிரவு பணியில் இருந்த செவிலியருக்கு என் தோழியின் சார்பில். சிப்பிப் பாறை அவள் குதிகாலைக் கிழித்திருந்தது. தைப்பதற்கு முன் நீங்கள் உப்புநீர் விட்டுக் கழுவி, விளக்கைக் கிட்டே இழுத்து, சிப்பித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்த பொறுமைக்கு நன்றி. ஒன்று உள்ளே தங்கினாலும் சீழ் வைக்கும் என்று அக்கா போனில் மொழிபெயர்த்தாள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது என்று கேட்டபோது மூவரும் முகத்தோடு முகம் பார்த்ததில் நீங்களே முடிவு செய்து போட்டுவிட்டீர்கள். தையல் பிரிக்கும் வரை தண்ணீர் கூடாது என்றதால் அவள் மீதி நாளெல்லாம் மேட்டில் உட்கார்ந்து எங்களைப் படம் பிடித்தாள். மேலிருந்து பார்க்கிறவளுக்குத்தான் செட் வருவது முதலில் தெரியும், கையை உயர்த்துவாள். எங்களுக்கு அது பெரிய உதவி. அவளுக்கு எவ்வளவு கடுப்பு என்பதை அவள் தனியாக எழுதுவாள்.

அந்த அக்காவுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா, உங்கள் ஊரில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில், தூக்கத்தில் எழுந்து, மருந்துப் பெயரெல்லாம் தேடித் தேடிச் சொன்னீர்கள். போன் பில்லைப் பற்றிக் கேட்டால் திட்டுவீர்கள், கேட்கவில்லை.

விடுதி அம்மாவுக்கு: காருவா பெய்யும் ஊரில் வெட்சூட் காயவே காயாது. நீங்கள் இரவில் நல்ல தண்ணீரில் அலசி, அடுப்படிச் சுவரோரம் உள்புறம் வெளியே தெரியும்படி தொங்கவிடுவீர்கள். மழை காணாத ஊரில் நல்ல தண்ணீருக்கு என்ன மதிப்பு என்று தெரியாமல் இல்லை. குளிர்கடலில் மணிக்கணக்கில் இருக்க வைத்த அந்த உடுப்பை 1950களின் தொடக்கத்தில், கப்பற்படை முக்குளிப்போருக்காக யோசித்தவர் ஹ்யூ பிராட்னர் என்ற இயற்பியல் பேராசிரியர். அவருக்கும் நன்றிதான். ஆனால் அதிகாலையில் ஈரமில்லாத வெட்சூட்டுக்குள் காலை நுழைக்கும் சுகத்தைக் கொடுத்தவர் நீங்கள்.

மெழுகு கொடுத்த சின்னப் பெண்ணே, உன்னை மறக்கவில்லை. கால் வழுக்காமல் இருக்கப் பலகைமேல் தேய்க்க நாங்கள் கொண்டுபோனது வெப்பக்கடல் மெழுகு. அந்தக் குளிரில் அது கல்லாக இறுகிப்போய்க் கால் வழுக்கியது. பார்த்துச் சிரித்துவிட்டு உன் மெழுகில் பாதியை உடைத்துக் கொடுத்தாய். அப்புறம் தண்ணீருக்குள், உன் முறை வந்த ஒரு அலையை என் பக்கம் கைகாட்டிவிட்டு "ரேமா! ரேமா!" என்று கத்தினாய். துழாவு, துழாவு. அலை உடையத் தொடங்கும் இடத்துக்குக் கிட்டே இருப்பவருக்குத்தான் அலை என்பது எங்கும் உள்ள விதி. அந்த உரிமை உன்னுடையது. நான் இதுவரை ஏறியதில் மிக நீளமான அலை அதுதான். வேகம் மிஞ்சிப்போகும்போது திரும்பி வெண்ணுரைப் பக்கம் வளைந்து, மறுபடி அலையின் முகத்தில் ஏறி, மறுபடி வளைந்து, கடைசியில் தொடை இரண்டும் நடுங்கி நிற்க முடியாமல் நானாகவே விழுந்தேன். அலை என்னை விட்டுவிட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது.

நேரில் பார்க்காத சிலருக்கும் கடன் உண்டு. லிமாவின் லா எர்ரதூராவில் சாலைப் பணியின்போது கடலில் விழுந்த பாறைகள் ஓர் அருமையான அலையைக் கெடுத்தன. அந்த வலி தெரிந்த தப்லிஸ்தாக்கள் (அங்கே அலைச் சறுக்குக்காரர்களுக்கு அதுதான் பெயர்) விடாமல் மன்றாடியதில் 2000-ல் அலைகளைக் காக்க 27280 எண்ணுள்ள சட்டம் வந்தது. நடைமுறை விதிகள் வர 2013 ஆனது. பதிவேடு கடற்படையிடம் இருக்கிறது. அதில் ஏறிவிட்ட அலையின் எல்லைக்குள் அதைக் கெடுக்கும் கட்டுமானம் கூடாது. ஒவ்வோர் அலைக்கும் அளவெடுத்து ஆவணம் தயாரிக்கப் பணம் வேண்டும். அதற்காக மக்களிடம் சிறுகச் சிறுகச் சேர்க்கும் 'ஆஸ்லா போர் து ஓலா' இயக்கத்தாருக்கு எங்கள் மூவரின் சிறு பங்கும் வந்திருக்கும். சிகாமா பதிவாகிவிட்டது. இன்னும் பதிவாகாதவை இருக்கின்றன.

மறுபடி சின்னப் பெண்ணுக்கு: மேஸ்ட்ரோ ஒட்டுப் போட்ட பலகை விடுதி அம்மா வீட்டில் உன் பெயருக்கு இருக்கிறது. ஃபின் சாவி அடுப்படி ஜன்னல் திட்டில். மீந்த எபாக்சியை மேஸ்ட்ரோவிடம் கொடுத்துவிடு. டப்பா திறந்தாயிற்று, சீக்கிரம் பயன்படுத்திவிட வேண்டும். தோழியின் காலுறையையும் நீயே வைத்துக்கொள். உன் காலுக்கு இப்போது பெரிதாக இருக்கும்.

அன்புடன்,
மலாப்ரிகோவுக்கு வந்த மூவரில் ஒருவர்