பிராக் கடிகாரமும் உங்க அப்பாவின் பஞ்சாங்கமும்

டிரெஸ்டன், ஜெர்மனி
ஜனவரி 20

அன்புள்ள மாப்ளே,

பொங்கலன்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமலே வளவு வரை நடக்கிறார் என்றதும்தான் நிம்மதி வந்தது. கட்டிலை விட்டு எழுந்ததும் முதல் வேலையாகப் பஞ்சாங்கத்தைக் கேட்டார் என்றாயே, அதை நினைத்து ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். இந்தக் கடிதத்தில் பாதி அவருக்குத்தான். வாசித்துக் காட்டு.

பொங்கல் வேலை நாளில் வந்ததால் இங்கே குக்கர் பொங்கலோடு சரி. அந்தக் குறை தீர, சனி ஞாயிறில் ஒரு சின்ன கோஷ்டியாக பிராக் போய் வந்தோம். ஆபீசில் கூட வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரன், அவன் மனைவி, ஒரு மலையாளி நண்பன், மாடி வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணை. இங்கிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். எல்பே ஆற்றை ஒட்டியே பாதை போகிறது. ஒரு பக்கம் பாறைக் குன்றுகள், மறுபக்கம் ஓரமெல்லாம் பனிக்கட்டி பிடித்த ஆறு. செக் எல்லையைத் தாண்டினால் அதே ஆற்றுக்கு லாபே என்று பெயர் மாறிவிடுகிறது.

குளிர்காலத்தில் அங்கே போய் என்ன பார்க்கப் போகிறாய் என்று ஆபீசில் கேட்காத ஆள் இல்லை. நான் சொல்வேன், ஜனவரிதான் சரியான நேரம். ஓல்டு டவுன் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தையை 6-ஆம் தேதியோடு பிரித்துவிடுகிறார்கள். கூட்டம் வடிந்துவிடுகிறது. கோடையில் தோளோடு தோள் இடிக்காமல் கடக்க முடியாத சார்லஸ் பாலத்தில், காலை ஏழரைக்கு எங்களையும் நாய்களோடு நடை போகிறவர்களையும் தவிர ஆளே இல்லை. மைனஸ் எட்டு டிகிரி. இரண்டு ஓரமும் வரிசையாக நிற்கும் முப்பது சிலைகளின் தலையிலும் தோளிலும் பனி. கீழே கல் வழுக்குகிறது, கோயம்புத்தூர்க்காரன் மனைவியின் கையை விடவே இல்லை. (காதல் என்று மலையாளி சொன்னான். பயம் என்று அவளே திருத்தினாள்.)

இந்தப் பாலத்துக்கு மன்னர் நான்காம் சார்லஸ் 1357-இல் அடிக்கல் நாட்டினார். அந்த ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள்: ஜோதிடர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தமாம், 1357-ஆம் வருஷம், 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5.31. வரிசையாக எழுதிப் பார், 1 3 5 7 9 7 5 3 1. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். வருஷம் மட்டும் நிச்சயம், மிச்சம் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்ததாகக்கூட இருக்கலாம். இன்னொரு கதையும் உண்டு. சாந்தில் கலக்க ஊர் ஊராக முட்டை கேட்டார்களாம். வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள், வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று அவித்து அனுப்பினார்களாம்! உங்கள் வீட்டுத் தூணில் முட்டை வெள்ளைக்கரு பூச்சு என்று உங்க ஆச்சி தடவிக் காட்டுவார்களே, அவர்கள் இருந்திருந்தால் இதைக் கேட்டு எப்படிச் சிரித்திருப்பார்கள்.

இனி அப்பாவுக்கான பகுதி.

டவுன் ஹால் கோபுரத்துச் சுவரில் 1410-இல் செய்த வானியல் கடிகாரம் இருக்கிறது. மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கும், மேலே இரண்டு சின்ன ஜன்னல்களில் அப்போஸ்தலர்கள் (இயேசுவின் சீடர்கள்) பொம்மைகளாகச் சுற்றி வருவார்கள், கடைசியில் பொன் நிறச் சேவல் கூவும். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்து அதை எடுத்துக்கொண்டு, சேவல் கூவியதும் கலைந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வேடிக்கை சப்பென்றுதான் இருந்தது. பார்க்க வேண்டியது கீழே இருக்கும் முகப்பு. அதைச் சீந்துவார் இல்லை.

நடுவில் பூமி. பகலுக்கு நீலம், இரவுக்குக் கறுப்பு, விடியலும் அந்தியுமான சந்திப் பொழுதுக்குச் செம்மண் நிறம். பொன் முள் ஒன்றுதான், ஆனால் அது மூன்று விதமாக நேரம் காட்டுகிறது. ரோமன் எண்ணில் நம் வழக்கமான மணி. வெளி வளையத்தில் பழைய செக் மணி: சூரியன் மறையும்போது 24 முடிந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். நாங்கள் நடுப்பகலில் பார்த்தபோது அந்தக் கணக்கில் பத்தொன்பதரை. நீலப் பரப்பில் வளைந்த பொன் கோடுகள் மூன்றாவது: உதயம் முதல் அஸ்தமனம் வரை எவ்வளவு இருந்தாலும் அதைப் பன்னிரண்டாகப் பிரிப்பது. எட்டரை மணி நேரமே பகல் இருக்கும் இந்த மாதத்தில் அந்த ஒரு 'மணி' முக்கால் மணி நேரம்கூட வராது.

இதைப் பார்த்ததும் எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். ராகு காலம் ஒன்றரை மணி நேரம் என்று காலண்டரில் அச்சடிக்கிறவர்களை அவர் திட்டுவாரே! பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும், ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பாரே. அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை ராகு காலம் பிராக்கில் பத்து மணிக்குத் தொடங்கி, ஒரு மணி நேரம் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. ஜூனில் போனால் இரண்டு மணி நேரம் நீளும். யாழ்ப்பாணத்து அண்ணை மப்ளருக்குள்ளிருந்து சொன்னார்: “அப்ப இஞ்ச ராகுவுக்கும் குளிருது போல, கெதியா வீட்ட போயிடுறார்.”

ராசி வளையமும் உண்டு. பொங்கலன்றுதான் நமக்கு சூரியன் மகரத்துக்குள் வந்தது. பிராக் கடிகாரத்தில் 17-ஆம் தேதியே மகரத்தின் கடைசிக்குப் போய், கும்பத்தின் வாசலில் நிற்கிறது. சாயனம் (சமநாளிலிருந்து ராசியை எண்ணுவது), நிரயனம் (நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது) என்று அப்பா கரும்பலகையில் படம் போட்டு விளக்கியபோது நாம் இரண்டு பேரும் கொட்டாவி விட்டோம். அந்த 24 டிகிரி வித்தியாசத்தைச் சுவரில் பொன் முள்ளாகக் கண்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது. சந்திரனுக்கு ஒரு உருண்டை, பாதி வெள்ளி, பாதி கறுப்பு. உள்ளே ஒரு சிறு எடை, அதன் பாரத்தாலேயே மெல்லத் திரும்பி வளர்பிறை தேய்பிறை காட்டுகிறது. அப்பாவிடம் இதை அவசியம் சொல்.

இந்தக் கடிகாரத்தைச் செய்தவரின் கண்ணை, வேறு ஊருக்கு இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று நகரசபையார் குருடாக்கிவிட்டதாகவும் கதை. கண்ணை இழந்தவராகச் சொல்லப்படும் ஹனுஷ் அதைச் செய்யவே இல்லை. கடானைச் சேர்ந்த மிகுலாஷ்தான் செய்தார் என்பது பழைய ஆவணம் ஒன்றால் பிறகு தெரியவந்தது. இதற்கு உண்மையிலேயே கேடு வந்தது 1945 மே மாதம், ஜெர்மன் படை டவுன் ஹாலைச் சுட்டபோது. அப்போஸ்தலர்கள் எரிந்துபோனார்கள். இப்போது சுற்றுகிறவர்கள் 1948-இல் புதிதாகச் செதுக்கியவர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாய். மலையாளிக்குக் கவலையே இல்லை, கண்ணில் பட்டதெல்லாம் மாட்டிறைச்சியும் மாவு உருண்டையும். சைவமான எனக்குப் பூண்டு சூப் கிடைத்தது, வறுத்த ரொட்டித் துண்டு போட்டு. மிளகு கூடுதலாகக் கேட்டு வாங்கினால் பூண்டு ரசத்துக்குத் தங்கச்சி. தெருவெல்லாம் கம்பியில் சுற்றிச் சுட்டு விற்கும் சர்க்கரை ரொட்டிக்குப் 'பழைய போஹீமியச் சுவை' என்று போர்டு. பிராக்கில் அது பரவியது சமீப காலத்தில்தான் என்கிறார்கள்.

சனி சாயங்காலம் வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் போனோம். மியூசியத்துக்கு முன்னால் நடைபாதைக் கல்லோடு கல்லாக ஒரு வெண்கலச் சிலுவை. 1969 ஜனவரி 16 அன்று, சோவியத் படையெடுப்பை எதிர்த்து யான் பாலாக் என்ற மாணவன் தீக்குளித்த இடம். இருபது வயது. நினைவு நாள் முந்தின நாள்தான் போயிருந்ததால் பூவும் மெழுகுவர்த்தியும் குவிந்திருந்தன. நம் ஊரில் ஜனவரி 25 வருகிறது, இந்தித் திணிப்பை எதிர்த்துக் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்த நாள். அண்ணை வெகுநேரம் அங்கேயே நின்றார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை.

யூத மியூசியத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பதால் அதைச் சேர்ந்த பின்காஸ் ஜெபாலயத்தை ஞாயிறு பார்த்தோம். சுவர் முழுக்க, தரையிலிருந்து தலைக்கு மேல்வரை, பெயர்கள். நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள் சுமார் 78,000 பேர், ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக. எல்லாம் கையால் எழுதியது. கிட்டே போனால் பிரஷ் ஓடிய தடம் தெரிகிறது. மாடியில் தெரேசின் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த படங்கள். வரையச் சொல்லிக் கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், சுமார் 4,500 படங்களை இரண்டு சூட்கேசில் ஒளித்துவைத்துவிட்டுப் போனவர், 1944-இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். ஒரு படத்தில் வீடு, வேலி, பட்டாம்பூச்சி. இதற்கு மேல் எழுத வரவில்லை மாப்ளே.

மகளுக்கு பிளஸ் டூ செய்முறைத் தேர்வு எப்போது? ஆர்க்கிடெக்சர்தான் என்று அவள் பிடிவாதமாக இருந்தால் தடுக்காதே. ஒருநாள் இந்த ஊர்களை அவளுக்கு நான் சுற்றிக் காட்டுகிறேன்.

அடுத்த குளிருக்கு நார்வேயின் ட்ரோம்சோ போகலாம் என்று மலையாளி இப்போதே கச்சை கட்டுகிறான். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லையாம். அந்த ஊரில் ராகு காலம் எப்போது என்று அப்பாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்