குருவிக்கு, கும்பகோணத்திலிருந்து

கும்பகோணம்,
கார்த்திகை 8.

அடி குருவி,

நீ கூப்பிட்ட 14 தடவையும் போன் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஆபரேஷனுக்குப் பிறகு யார் "எப்படி இருக்கே" என்று கேட்டாலும் பதிலுக்கு முன்னால் அழுகை வந்துவிடுகிறது. பால்காரர் கேட்டதற்கே அழுதிருக்கிறேன். டாக்டரிடம் சொன்னேன். இதய ஆபரேஷன் ஆனவர்களில் நிறையப் பேருக்கு இப்படி ஆகும், சில வாரங்களில் தேறிவிடும், தேறாவிட்டால் மறைக்காமல் வந்து சொல்லுங்கள் என்றார். இப்போது பரவாயில்லை. ஆனால் உன் குரலைக் கேட்டால் தாங்குவேனா என்று தெரியவில்லை, அதனால்தான் பேனா.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்குக் கண்ணில் புரை, தை பிறந்ததும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பையன் பிளஸ் டூ, படிக்கிறான் என்று நம்புகிறேன். மழை விடாமல் பெய்கிறது, துணி காயவில்லை. ஊர்க்கதை அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். உன் சின்னவளுக்கு முதலில் தொண்டை வலி, அப்புறம் முழங்கால் வீக்கம், அது வற்றுவதற்குள் கணுக்கால், எக்கோ ஸ்கேனில் இதய வால்வில் லேசான கசிவு, 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி. எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "ரொம்ப அழறாடி, வீக்கமும் வத்திடுச்சு, விட்டுடலாமான்னு பாக்கறேன்" என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகு நான் தூங்கவில்லை. விட்டுவிடாதே என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்லும்படி இவரைக் காலையிலேயே பேச வைத்துவிட்டேன். ஏன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எனக்கு நடந்ததைக் கேள்.

புரட்டாசி 9ஆம் தேதி ஆபரேஷன். இன்றோடு 60 நாள். மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடது பக்கம், மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கிற கதவு. எனக்கு அது தடித்து, சுண்ணாம்பு படிந்து, சுருங்கிவிட்டது. வெறும் சுருக்கமாக இருந்தால் காலின் ரத்தக்குழாய் வழியாக பலூன் விட்டு விரித்திருப்பார்களாம். எனக்குச் சுருக்கத்தோடு கசிவும் சேர்ந்துகொண்டதால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாட்டுத் திசு, பன்றித் திசுவில் செய்த வால்வு 10, 15 வருஷம் உழைக்கும், அப்புறம் மறுபடி கிழிக்க வேண்டும். உலோக வால்வு ஆயுசுக்கும் வரும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. 46 வயதுக்கு உலோகம் என்று முடிவு செய்தோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் நகைக்கு வேலை வரவில்லை.

எனக்கு வைத்தது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கியது. முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லையாம். ஒவ்வொன்றையும் ஓரம் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். நாலாவதுதான் நின்றது. உலோகக் கூட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் வட்டு, சாய்ந்து திறந்து சாய்ந்து மூடும். 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள். பையன் இதைப் படித்துக் காட்டியபோது, முகம் தெரியாத அந்த மனுஷர்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். மூன்று தடவை தோற்றதும் போதும் என்று எழுந்து போயிருந்தால் எனக்கு ஏது இந்தக் கார்த்திகை?

ராத்திரி வீடு அடங்கினதும் அதன் சத்தம் கேட்கும். டிக், டிக். ஹாஸ்டலில் வார்டன் அறைக் கடிகாரத்துக்கு நீ எப்படிப் பயப்படுவாய்! என் பக்கத்தில் உன்னைப் படுக்க வைத்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பாய். இவர் முதல் வாரம் தூங்கவே இல்லை. இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்கிறார்.

ஐசியூ நாட்களை நான் நினைப்பதே இல்லை. வாயில் குழாய், பேச முடியாது. குழாய் எடுத்த பிறகும் தண்ணீருக்கு அளவு. நனைத்த பஞ்சால் ஒரு நர்ஸ் பெண் உதட்டைத் துடைத்தாள். அந்த ஈரத்தின் ருசி சாகும் வரை மறக்காது. அப்புறம் மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். குழாயில் வாய் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே எழ வேண்டும். முதல் நாள் ஒரு பந்து நடுங்கியது, எழவில்லை. நாலாம் நாள் ஒன்று எழுந்தது. மூன்றும் சேர்ந்து எழுந்தது வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். அந்தத் தலையணைக்கு உறை மாற்றக்கூட நான் விடவில்லை.

இதையெல்லாம் தாங்கிவிட்டேன் குருவி. தாங்க முடியாமல் போனது வீட்டுக்கு வந்த பிறகு சும்மா இருந்ததுதான்.

நெஞ்செலும்பை நடுவில் அறுத்துப் பிறகு கம்பியால் கட்டியிருக்கிறார்கள். 12 வாரத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கக் கூடாது, படுக்கையில் கையை ஊன்றி எழக் கூடாது. மாவுக் கடைக்காரியிடம் இரண்டு கிலோ என்றால் அது எந்த மூலைக்கு? 10 லிட்டர் கிரைண்டரை நாளைக்கு ஆறு தடவை வழித்த கை இது. கடையை நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். நன்றி இல்லாமல் சொல்லவில்லை, அவள் இல்லாவிட்டால் கடை மூடியிருக்கும். ஆனால் உளுந்தை ஒரு மணி நேரம் கூடுதலாக ஊற வைக்கிறாள், அரைக்கும்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விடாமல் ஒரேயடியாக ஊற்றுகிறாள். இட்லி தட்டையாக வருகிறது என்று இரண்டு வீட்டார் நிறுத்திவிட்டார்கள். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு கிரைண்டர் ஓடுகிற சத்தத்திலேயே மாவு பதம் தப்பிவிட்டது என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்ச் சொல்ல மட்டும் அனுமதி. கை வைக்க அனுமதியில்லை. "மாவு புளிக்கிறதை அவசரப்படுத்த முடியுமா, உடம்பும் அப்படித்தாம்மா" என்று அத்தை சமாதானம் சொன்னார். மழைக்காலத்தில் வெந்நீர் அண்டாவுக்குள் பாத்திரத்தை இறக்கி மாவைப் புளிக்க வைக்கிறவளிடம் போய் இதைச் சொன்னால் எடுபடுமா?

ஆறாவது வாரம் அது நடந்தது. நாத்தனார் குழந்தையை அழைத்துவர ஸ்கூலுக்குப் போயிருந்தாள். அத்தை தூக்கம். உளுந்து பாதி அரைபடும்போது கரண்ட் போய்விட்டது. கிரைண்டரில் மாவு சூடாகவே இருந்தால் பொங்காது, எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் வழித்துப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வழித்தேன். எவர்சில்வர் அண்டா நிறைந்தது. அதை மேடையிலிருந்து கீழே வைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன்.

நெஞ்சுக்கு நடுவில் "டக்" என்றது.

அண்டாவை எப்படிக் கீழே வைத்தேன் என்று ஞாபகமில்லை. கிரைண்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையெல்லாம் மாவு. மாவுக்கையாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். வெளியே மழைச் சத்தம், உள்ளே டிக், டிக். அது நிற்காமல் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து சேர்வதற்குள் விரல் இடுக்கில் மாவு காய்ந்து வெடித்துவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தஞ்சாவூருக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் கம்பிகள் அப்படியே இருந்தன, தசைதான் பிடித்திருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இந்தக் கம்பி ஒட்ட வைக்காதும்மா. விலகாம பிடிச்சுக்கிட்டிருக்கும், அவ்வளவுதான். ஒட்டிக்கிறது எலும்பு. அதுக்கு வேண்டிய நாளை நீங்கதான் கொடுக்கணும், நான் கொடுக்க முடியாது" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து சொன்னதைக் கேட்கிறேன். காலையில் 20 நிமிஷம், சாயங்காலம் 20 நிமிஷம் நடை. மழையானால் கூடத்துக்குள்ளேயே.

அடுத்த பாடு கீரை. ரத்தம் ஊறும் என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் முருங்கைக்கீரை சூப் கொண்டுவந்தார். அன்பை எப்படி மறுப்பது? ரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு, 1.8. எனக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கீரையில் இருக்கிற வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிர்வேலை செய்யுமாம். பயந்துபோய்க் கீரையை அடியோடு நிறுத்தினேன். அடுத்த பரிசோதனையில் 4.1, பல் தேய்த்தால் ரத்தம். கீரையை விட வேண்டாம், ஏற்றி இறக்காமல் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரே அளவு சாப்பிடுங்கள் என்றார்கள். போன வாரம் 2.7. ஸ்கூலில் நூற்றுக்கு நூறு வாங்கினபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. இனி பல் பிடுங்குவதென்றால்கூட முன்னாலேயே சொல்லி ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும். காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் கிடையாது.

இனி உன் வரிக்கு வருகிறேன்.

ஹாஸ்டலில் என் ஊசி நாள் உனக்கு எவ்வளவு பிடிக்கும்! 21 நாளுக்கு ஒரு தடவை வெளியே போக அனுமதிச் சீட்டு, துணைக்கு நீ. ஜி.எச். வரிசையில் நின்று, இடுப்பில் அந்தத் தடி ஊசி, பால் மாதிரி மருந்து. நான் காலை இழுத்துக்கொண்டு வருவேன். நீ என் காசில் தேன்மிட்டாய் வாங்கித் தின்றுகொண்டு வருவாய். ஆனால் ஊசி போடும்போது நீ என் கையைப் பிடித்த பிடியில் உன் நகம் பதிந்திருக்கும். ஒரு தடவைகூட நீ என்னைத் தவற விட்டதில்லை.

தவற விட்டது நான். உனக்கு நான் சொல்லாத ஒன்று இது. கல்யாணம் நிச்சயமானதும் அம்மா, "இதயத்துல ஏதோன்னு தெரிஞ்சா அவங்க பின்வாங்கிடுவாங்க, ஊசியை நிறுத்திடு, உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றாள். நிஜமாகவே அப்போது எனக்கு ஒன்றும் இல்லை. மூட்டு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. நிறுத்தினேன். பையன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது படியேற மூச்சு முட்டியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு சகஜம் என்றார்கள். அப்புறம் மாவு வேலையில் இளைக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷருக்கு என் சின்ன வயசுக் காய்ச்சல் ஆபரேஷனுக்கு முந்தின வாரம்தான் தெரிந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மறுபடி கேட்கவில்லை.

டாக்டர் எனக்கு விளக்கினதை உனக்கு அப்படியே சொல்கிறேன். இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். தொண்டையில் வருகிற ஒரு கிருமியை உடம்பு எதிர்க்கப் போய், ஆள் தெரியாமல் மூட்டையும் வால்வையும் சேர்த்துத் தாக்குகிறது. மூட்டு வீக்கம் சுவடில்லாமல் வற்றிவிடும். வால்வில் விழுந்த காயம் இருக்கும். ஒவ்வொரு தடவை அந்தத் தொண்டைப் புண் திரும்பும்போதும் காயம் ஆழமாகும். ஊசி இருக்கிற காயத்தை ஆற்றுவதற்கில்லை, அடுத்த காயம் விழாமல் காக்க. லேசான கசிவோடு நின்றுவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு அது காலப்போக்கில் குறைந்தும் போகிறதாம். வால்வில் கோளாறு தங்கிவிட்டால் 40 வயது வரைக்குமாவது போட வேண்டும் என்கிறார்கள். நான் எட்டு வருஷம் போட்டுவிட்டு நிறுத்தியவள். வால்வை மாற்றிய பிறகும் எனக்குப் பெனிசிலின் உண்டு, இப்போது மாத்திரையாக, இரண்டு வேளை. இந்த ரத்த மாத்திரை சாப்பிடும்போது ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டிவிடுமாம்.

அவளுக்கு வயது 11. அழட்டும் குருவி. நீ கையைப் பிடித்துக்கொள், அது உனக்குத் தெரிந்த வேலைதான். ஊசி நாளைக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போடு. கல்யாணம் என்று பேச்செடுத்து உன் மாமியார் ஏதாவது சொன்னால் என்னிடம் பேசச் சொல். அவரிடம் நான் அழமாட்டேன்.

மார்கழி 3ஆம் தேதி எனக்கு 12 வாரம் முடிகிறது. அரையாண்டு லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு வா. ஊசி நாள் அந்த லீவுக்குள் வந்தால் இங்கேயே போட்டுவிடலாம், தேன்மிட்டாய் இன்னும் கிடைக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன், நடந்து வருவேன். பையை மட்டும் நீயே தூக்கிக்கொள். கெடு முடிந்தாலும் டாக்டர் பார்த்துச் சரி என்கிற வரைக்கும் நான் எதையும் தூக்குவதாக இல்லை.

உன்
நெட்டை