வீட்டில் படமெடுக்க ஒரு விளக்கு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தினரை வீட்டிலேயே ஸ்டூடியோ தரத்தில் படமெடுப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு சாஃப்ட் பாக்ஸ் (முன்பக்கம் வெள்ளைத் துணி போர்த்திய விளக்குப் பெட்டி), ஒரு ரிங் லைட் (வளைய வடிவ விளக்கு), பின்திரை, அதைத் தாங்கும் கம்பிகள் என்று அதில் கொடுக்கப்பட்டிருந்த பட்டியலைக் கூட்டிப் பார்க்கும் மாதச் சம்பளக்காரர், அந்த ஆசையை அப்போதே கைவிட்டுவிடுவார். கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் விளக்குப் பிடித்தவன் என்ற முறையில், அவற்றுள் பெரும்பாலானவை தேவையில்லை என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் விழுவதும் பஞ்சுபோல் கரைவதும், முகத்தின் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்ததே தவிர, விளக்கின் விலையைப் பொறுத்ததன்று. நான்கடி அகலச் சன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, உட்காருபவரை அதிலிருந்து மூன்றடி தள்ளிப் பக்கவாட்டில் அமர்த்தினால், அதே தூரத்தில் வைத்த இரண்டடி சாஃப்ட் பாக்ஸ் தருவதைவிட மென்மையான ஒளி கிடைத்துவிடும். மின்விளக்கு வருவதற்கு முன்பு கண்ணாடிக் கூரைக்கு அடியில் திரையை இழுத்துவிட்டுப் படமெடுத்தவர்கள் போட்ட கணக்கும் இதுதான்.

வடக்குச் சன்னலே எப்போதும் சிறந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்வது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில் நிற்கும். ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் உள்ள கும்பகோணத்திலோ, சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்தே செல்கிறது. அந்த நான்கு மாதங்களில் நேர் வெயில் படாத சன்னல் தெற்குச் சன்னல்தான். வடக்குச் சன்னலை நம்பி வைகாசியில் பாட்டியை உட்கார வைப்பவர், அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் படத்தைத்தான் எடுப்பார்.

சன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னம் இருண்டுவிடும் என்பதால் இரண்டாவது விளக்கு வேண்டும் என்கிறது கட்டுரை. பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதுபொருள் கடைகளில் விற்கும் தெர்மோகோல் அட்டை ஒன்றை அந்தப் பக்கம் சாய்த்து நிறுத்தினால் போதும். நெருக்கினால் நிழல் தெளியும், விலக்கினால் அடர்த்தியாகும். இதில் இன்னொரு பயனும் உண்டு. நம் வீட்டுச் சுவர்களுக்கு இளம்பச்சையும் ரோஜா நிறமும் அடிப்பது வழக்கமாகிவிட்டதால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அதே சாயத்தை முகத்திலும் பூசிவிடுகிறது. பச்சை படிந்த கன்னத்துக்குப் பலரும் கேமராவைத்தான் திட்டுகிறார்கள். சுவருக்கும் முகத்துக்கும் நடுவே வெள்ளை அட்டை நின்றால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். அறையின் டியூப் லைட்டையும் அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் பகல் ஒளியோடு அது கலந்தால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறத்திலும் மறு பாதி வேறு நிறத்திலும் விழும்.

இரவில் எடுப்பதானால் 20 வாட் எல்இடி பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, முகத்துக்கு நேரே காட்டாமல் வெள்ளைக் குடைக்குள் திருப்பிவிடலாம். இதைச் சிக்கனம் என்று இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. வங்காள ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றம் ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மீது பாய்ச்சித்தான் வான்வெளிச்சத்தை உண்டாக்கினார். பல்பு வாங்கும்போது உறையில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் தோலின் செம்மை வெளிறாது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டதாகையால் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி எழும். கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்துக்கொண்டால் படத்தில் பட்டைகள் விழா.

பின்திரையும் அநேகமாக வேண்டியதில்லை. விளக்கு முகத்திலிருந்து மூன்றடியிலும் பின்சுவர் விளக்கிலிருந்து ஒன்பதடியிலும் இருந்தால், முகத்தில் விழும் ஒளியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் சுவருக்குப் போய்ச் சேரும். வெள்ளைச் சுவரும் படத்தில் அடர்ந்த சாம்பல் நிறமாகிவிடும். கையில் இருந்த வேட்டியும் குடையும் போக, தெர்மோகோல், பல்பு, ஹோல்டர், ஒயர் ஆகியவற்றுக்கு எனக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

கட்டுரை தொடாத ஒன்று, நம் தோலின் நிறம். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயல்வதால், வெள்ளைச் சுவருக்கு முன் கறுத்த முகத்தை வைத்தால் படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். செல்பேசியில் முகத்தின்மீது விரலை வைத்து அங்கே அளவெடுக்கச் செய்ய வேண்டும். கறுத்த தோலின் அழகு அதன்மேல் ஓடும் மினுமினுப்பில்தான் இருக்கிறது. பரந்த ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தால் நெற்றியும் கன்ன எலும்பும் தாமாகவே எழுந்து நிற்கும். படமெடுக்கப் போகிறோம் என்றதும் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வரும் வழக்கம்தான் ஸ்டூடியோவில் எங்களுக்குப் பெரிய எதிரி. வியர்வையைத் துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும் என்று சொன்னால் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. வீட்டுப் பெரியவர் இறந்த பிறகு, கல்யாணக் கூட்டப் படத்திலிருந்தோ ஆதார் அட்டையிலிருந்தோ முகத்தை வெட்டியெடுத்து அஞ்சலிச் சுவரொட்டிக்குப் பெரிதாக்கித் தரும்படி எங்களிடம் வந்தவர்கள் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரரின் தோளோடு ஒட்டிய அந்த முகங்களைப் பிரித்தெடுத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரித்தானிய நூலகத்தின் ஆதரவோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ குடும்பப் படங்களைத் தேடி எண்ணிம வடிவில் பதிவுசெய்திருக்கிறது. அந்தக் காலத்துக் குடும்பங்கள் ஸ்டூடியோவுக்கு நடந்துபோய், அசையாமல் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை. கையிலேயே கேமரா வைத்திருக்கும் நம் வீடுகளில், தாத்தாவுக்குத் தனியாக ஒரு நல்ல படம் இருக்கிறதா என்று தேடினால் கிடைப்பது அரிது.

ரிங் லைட் பற்றியும் ஒரு சொல். நேர் எதிரே வைத்தால் முகத்தின் மேடுபள்ளத்தை அது தட்டையாக்கிவிடும். மூக்குக்கண்ணாடி அணிந்த முதியவருக்கோ இரண்டு வில்லைகளிலும் இரண்டு வெள்ளை வளையங்களை மாட்டிவிடும். சன்னலைப் பக்கவாட்டில் வைத்து, கண்ணாடியின் காம்புகளைக் காதுக்கு மேல் அரை விரல் அளவு உயர்த்திவிட்டால், வில்லை சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து பிரதிபலிப்பு விலகிவிடும். இத்தகைய கைப்பழக்கங்கள் தெரிந்த பழைய ஸ்டூடியோக்காரர்கள் இன்னமும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை இப்பொருள் பற்றி எழுதுவதானால், விற்பனைப் பட்டியல்களோடு நிறுத்திவிடாமல், அவர்களையும் கேட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.