கார்பெட்டுக்குக் கீழே

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பதை உங்கள் கடிதத்தில் கண்டு மகிழ்ந்தேன். பழைய வேனின் இருக்கைகளையெல்லாம் கழற்றிப் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓடுகிற வண்டியை எதற்காகப் பிரித்தாய்?" என்று கேட்டிருந்தீர்கள். பட்டறை வேலை தெரிந்த உங்களுக்கு ஒரு வரியில் பதில் எழுதினால் போதாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கனடாவில் நாங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் குளிர்காலம் முழுவதும் பனியை உருக்கச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். பெரும்பாலும் அது சோடியம் குளோரைடுதான். ஆனால் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு வேகம் குறைந்துவிடும் என்பதால், கடுங்குளிரில் கால்சியம் குளோரைடும் சேர்க்கிறார்கள். இந்த உப்புச் சேற்றைச் சக்கரம் வாரியடித்து, வண்டியின் அடிப்பாகம் துருப்பிடிப்பது எல்லோரும் அறிந்தது. அதே உப்பு நம் காலணியில் ஒட்டிய பனியோடு உள்ளே ஏறி, ஹீட்டர் சூட்டில் உருகி, கார்பெட்டுக்குள் இறங்குவதைத்தான் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கால்சியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஆகவே உப்பேறிய கார்பெட் கோடையிலும் முழுதாகக் காய்வதில்லை. அடியில் இருக்கும் தகடு, கரையான் அரித்த உத்தரம் போல, மேலே எதையும் காட்டாமல் உள்ளுக்குள்ளேயே பொடிந்துபோகிறது.

நான் வாங்கிய வேனுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் வண்டியை என் பெயரில் சாலையில் ஓட்ட முடியாது. தரையில் பொத்தல் இருந்தால் இன்ஜின் புகை உள்ளே வரும் என்பதால் சான்றிதழும் கிடைக்காது. பேருந்து வசதி குறைவான இந்தப் புறநகரில் வேலைக்குப் போக வண்டி அவசியம். இன்ஜினும் கியரும் நன்றாக இருந்ததால்தான் இந்த வண்டியை எடுத்தேன். கதவைத் திறந்ததும் அடித்த புளித்த வாடையும், முன் இருக்கையின் கீழே கார்பெட்டை அழுத்தியபோது விரலிடுக்கில் கசிந்த தண்ணீரும், என்ன வேலை காத்திருக்கிறது என்பதை அப்போதே சொல்லிவிட்டன.

உடன் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் தம் வீட்டுக் கராஜைத் தந்தார். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டுவிட்டோம். இருக்கையின் அடியில் மஞ்சள் நிற உறைக்குள் வருவது ஏர்பேக் கம்பி. மின்சாரம் இருக்கும்போது அதில் கை வைக்கக் கூடாது. அதன் பிறகு இருக்கை போல்ட்டுகள், சீட்பெல்ட்டின் கீழ்ப்பக்க போல்ட், வாசற்படிப் பட்டைகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, கார்பெட்டை முழுதாக வெளியே எடுத்தோம். மேற்பரப்பு ஓரளவு காய்ந்திருந்தது. அடியில் ஒட்டியிருந்த ஃபோமைப் பிழிந்தபோது பழுப்பு நிறத் தண்ணீர் கொட்டியது. கார்பெட்டை மட்டும் கழுவிக் காயவைத்துவிட்டு வண்டி சுத்தமாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு வாடை திரும்பத் திரும்ப வருவதற்கு அந்த ஃபோம்தான் காரணம்.

தகட்டில் கை வைப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஒழுகலை அடைக்காமல் போடும் ஒட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நிற்காது. வந்திருப்பது மழைத்தண்ணீரா, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவமா என்பதை முதலில் பார்த்தோம். கூலன்ட் என்றால் கையில் பிசுபிசுக்கும், இனிப்பு வாடை வரும், கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாகப் படியும். அப்படி எதுவும் இல்லை. ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டாலும் முன்பக்கத் தரை நனையும் என்பதால் அதையும் சரிபார்த்தோம். பிறகு வெறும் தகட்டின் மேல் செய்தித்தாளைப் பரப்பிவிட்டு, அவர் வெளியே குழாயைப் பிடிக்க, நான் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டேன். தண்ணீரைக் கீழிருந்து மேலாக, பகுதி பகுதியாக, பீய்ச்சாமல் வழியவிட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எந்த வழியாக வந்தது என்றே தெரியாது.

வழி ஒன்றல்ல, இரண்டு இருந்தன. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் பல வருஷத்து இலைகள் மக்கி, வடிகால் துளையை அடைத்திருந்தன. தேங்கிய தண்ணீர், காற்று உள்ளே வரும் வழியாக நிரம்பி வழிந்து தரைக்கு வந்தது. இன்னொன்று கதவு. கண்ணாடியை ஒட்டி வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான். அடியில் இருக்கும் துளைகள் வழியாக அது வெளியேறிவிடும். ஆனால் உட்பலகையின் பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளை முன்பு யாரோ கிழித்திருந்ததால், தண்ணீர் படிக்கு உட்புறமாக வடிந்தது. கதவின் ரப்பர் பீடிங்கைப் பலர் உடனே மாற்றிவிடுகிறார்கள். இந்த வண்டியில் பீடிங் மீது எந்தக் குறையும் இல்லை. வடிகாலைச் சுத்தம் செய்து, புதிய தாளைப் பியூட்டைல் பசையால் ஒட்டியதும் செய்தித்தாள் காய்ந்தே இருந்தது.

தரையில் சத்தத்தைக் குறைப்பதற்கான தார்த்தாள் ஒட்டியிருந்த இடங்களில்தான் துரு ஆழமாக இருந்தது. சூடாக்கிச் சுரண்டினால் தார் இழுபடும். அதனால் உலர்பனித் துண்டுகளை, அதாவது உறைந்த கரியமில வாயுவை, அதன் மேல் பரப்பி, கராஜ் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தோம். மைனஸ் 78 டிகிரிக் குளிரில் தார் கண்ணாடிச் சில்லாக இறுகிவிட, சுத்தியலால் லேசாகத் தட்டியதும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அடுத்து நீங்கள் சொல்லித்தந்தபடியே தரை முழுவதையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு கணீரென்றது. ஓட்டுநரின் குதிகால் படும் இடத்தில் சத்தம் மட்டுப்பட்டது, சற்று அழுத்தியதும் முனை மறுபக்கம் போய்விட்டது.

மேலோட்டமாகத் துருப்பிடித்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசினேன். பொத்தல் விழுந்த பகுதியை, சுற்றிலும் பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்தோம். ஃபைபர் துணியையும் பட்டிப் பசையையும் வைத்து மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை: அடியில் ஈரம் சிறைப்பட்டு, துரு மறைவாக வளர்ந்துகொண்டே இருக்கும். 0.9 மில்லிமீட்டர் தகட்டை அளவாக வெட்டி, வளைவுக்கு ஏற்பத் தட்டி, பெரியவரே வெல்டிங் வைத்தார். தொடர்ச்சியாக இழுக்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளிவைத்து, ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்பியதால் தகடு நெளியவில்லை. அடியில் பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் போகும் இடத்தை முன்பே பார்த்து விலக்கிவைத்தோம். தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஆகவே அம்மா கவலைப்பட வேண்டாம். பின்னர் எபாக்ஸி ப்ரைமர், மூட்டுகளில் சீலன்ட், அதற்கு மேல் பெயின்ட் என்று இருபுறமும் அடித்தோம்.

ஃபோமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன். கார்பெட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்த உப்பு, வெள்ளை வினிகரையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் சரிபாதி கலந்து தெளித்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தால் இழுத்த பிறகுதான் போயிற்று. இப்போது அது மின்விசிறிக்கு முன்னால் காய்ந்துகொண்டிருக்கிறது. உள்ளும் புறமும் நன்றாகக் காயாமல் அதைத் திரும்ப விரிக்க மாட்டேன்.

ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். பின்சக்கர வளைவு தரையோடு சேரும் மூட்டில் தகடு மெலிந்திருக்கிறது, ஆனால் இன்னும் பொத்தல் விழவில்லை. இப்போதே வெட்டி ஒட்டுப்போடலாமா, அல்லது அமிலமும் ப்ரைமரும் அடித்து, இலையுதிர்காலத்தில் துருத்தடுப்பு எண்ணெய் அடிக்கும்போது மறுபடி பார்க்கலாமா? படம் இணைத்திருக்கிறேன். கார்பெட்டை விரிப்பதற்குள் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்