ஃபாகர்ட் குன்றிலிருந்து தோழிக்கு

டண்டாக், அயர்லாந்து
3-2-2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் பொங்கல் கழிந்த வாரத்தில் கைக்குக் கிடைத்தது. மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, வளைகாப்பும் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பிப்ரவரி முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றுதான் அயர்லாந்தின் பாதுகாவலியான புனித பிரிஜித்தின் திருநாள்; அவர் பிறந்த மண்ணுக்கே போய் உன் மகளுக்காக மன்றாடிவிட்டு எழுதுவோம் என்று தாளை மடித்து வைத்துவிட்டேன்.

இன்று திங்கட்கிழமை, இங்கே பொது விடுமுறை. 2023ஆம் ஆண்டிலிருந்துதான் இந்த விடுமுறை இருக்கிறது. புனித பேட்ரிக்கின் பெயரில் ஒரு நாள் காலங்காலமாக இருக்க, இந்நாட்டில் பெண்ணொருவரின் பெயரில் விடுமுறை வருவதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. திருநாள் என்னவோ முதல் தேதியாகிய சனிக்கிழமைதான். அயர்லாந்துக்காரர்களுக்கு அது வசந்தத்தின் முதல் நாளும்கூட. வெளியே குளிர் எலும்பைத் துளைக்கும். ஆனாலும் பனித்துளிப் பூக்கள் மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளையாகத் தலை நீட்டியிருக்கும், ஆடுகள் குட்டி போடத் தொடங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலையே பக்கத்து வீட்டு அம்மாள் என்னைத் தம் சமையலறைக்கு அழைத்துவிட்டார். மேசை நிறைய ஈரக் கோரை. நம்மூர்ப் பாய்க்கோரையைப் போலவே பச்சையாக, வழவழப்பாக இருந்தது. கோரையைக் கத்தியால் அறுக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்து, இன்னொன்றை நடுவில் மடித்து அதைச் சுற்றிப் போட்டு, கால்வட்டம் திருப்பி, அடுத்த தண்டை முந்தைய மடிப்பின்மேல் போட வேண்டும். இப்படித் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டே போனால் நடுவில் ஒரு சதுரம் விரிந்து, நான்கு கைகள் நான்கு திசையில் நீளும். கடைசியில் நுனிகளை நூலால் கட்டிவிட்டால் பிரிஜித்தின் சிலுவை ஆகிவிடும். இறுக்கிப் பிடிக்காவிட்டால் அத்தனையும் குலைந்துவிடும். என்னுடையது மூன்றாம் முறைதான் நின்றது. மரணப்படுக்கையில் கிடந்த ஒரு தலைவனின் அருகில் அமர்ந்து, தரையில் விரித்திருந்த கோரையை எடுத்துப் பின்னிக்கொண்டே பிரிஜித் அவனுக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னார் என்பது இதற்கான கதை. வாசல்நிலைக்கு மேல் இதைச் செருகி வைத்தால் வீட்டில் தீ அண்டாது என்பார்கள்.

பிரிஜித் பிறந்த இடம் என்று சொல்லப்படும் ஃபாகர்ட் எங்கள் ஊருக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, வட அயர்லாந்து எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிறது. சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் மெழுகுதிரிகளை ஏந்திச் செபமாலை சொல்லிக்கொண்டே நடந்தோம். மரங்களுக்கிடையே ஒரு சிற்றோடை இறங்கி வருகிறது. அதன் ஓரத்தில்தான் அந்தக் கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பின் பெயர்: முழங்கால் கல், இடுப்புக் கல், கண் கல், தலைக் கல். நோயுள்ள உறுப்பைக் கல்லின் குழிவில் பொருத்தி வைத்துச் செபிப்பார்கள். குளம்புக் கல் என்றும் ஒன்று உண்டு. எனக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஈரமான கல்லில் முழங்காலை ஊன்றினார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பின்னால் இருந்தவர்கள் இன்னும் ஒரு மங்கள வார்த்தைச் செபத்தைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டு காத்திருந்தோம்.

பிரிஜித் இங்கேதான் பிறந்தார் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை; கில்டேர் பக்கத்திலுள்ள உம்மெராஸ் என்ற இடத்தைச் சொல்பவர்களும் உண்டு. என் மனத்தைப் பிடித்துக்கொண்டதோ அவர் பிறந்த விதம்தான். தந்தை துப்தக் ஒரு தலைவர். தாய் புரோக்சக் அவருடைய அடிமை. தலைவனின் மனைவிக்குப் பொறுக்காமல் போகவே, வயிற்றுப் பிள்ளையோடு அந்தத் தாய் விற்கப்பட்டு, கடைசியில் ஒரு ட்ரூயிட்டின், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழஞ்சமயப் பூசாரியின், வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சூரியன் உதிக்கும் வேளையில் கறந்த பாலோடு வீட்டுக்குள் நுழைகிறார். ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே இருக்கும்போதே குழந்தை பிறந்துவிடுகிறது. கையிலிருந்த பாலைக் கொண்டே குழந்தையைக் கழுவினார்களாம். பேறுகாலப் பிரிவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். வலி எடுத்த பிறகும் பால் சுமந்துகொண்டு வந்த அந்தப் பெண்ணை என்னால் கடந்து போக முடியவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் கில்டேரில் கொகிடோசஸ் என்ற துறவி பிரிஜித்தின் வரலாற்றை எழுதினார். அதில் பெற்றோர் இருவருமே உயர்குடிக் கிறிஸ்தவர்கள். அடிமைத்தனத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கில்டேரின் மடம் அன்று பெரும் செல்வாக்கோடு விளங்கியது. அதை நிறுவியவர் அடிமையின் மகள் என்று எழுத அவருக்கு மனம் வராமல் போயிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். பிற வரலாறுகள்தாம் தாயின் கதையைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அவற்றில் வரும் ஒரு நிகழ்ச்சியை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. வளர்ந்த பெண்ணாக பிரிஜித் தாயைத் தேடிப் போகிறார். தாய்க்குக் கண்நோய், மாடுகளையும் வெண்ணெய் எடுக்கும் வேலையையும் மகளே ஏற்றுக்கொள்கிறார். எடுக்கிற வெண்ணெயை ஏழைகளுக்கு வாரிக் கொடுக்கிறார், ஆனாலும் குறையவில்லை. இதைக் கண்டு வியந்த பூசாரி, வெண்ணெயையும் பசுக்களையும் நீயே எடுத்துக்கொள் என்கிறார். அவை வேண்டாம், என் தாயை விடுதலை செய்யுங்கள் என்று கேட்கிறார் பிரிஜித். அவரும் விடுவிக்கிறார். கோரைச் சிலுவையும் கில்டேரில் எரிந்த அணையா விளக்கும் எல்லோருக்கும் தெரிந்தவை; திருநாள் மறையுரைகளில் இந்த வெண்ணெய்க் கதையையும் ஆண்டுதோறும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

மறுநாள் வெளிச்சத்தில் குன்றின் உச்சிக்குத் தனியாகப் போனேன். இடிந்த பழைய கோவிலைச் சுற்றிக் கல்லறைகள். 1318ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கே நடந்த போரில் மாண்ட எட்வர்ட் புரூஸின் கல்லறை என்று காட்டப்படுவதும் அங்கேதான் இருக்கிறது. ஸ்காட்லாந்து அரசரின் தம்பி, அயர்லாந்தின் அரசராகத் தம்மை அறிவித்துக்கொண்டவர். அவரைப் பார்க்க வருபவர்களைவிடச் சற்றுத் தள்ளியுள்ள கிணற்றைத் தேடி வருபவர்களே அதிகம். கல்லால் கூரை வேய்ந்த சிறிய கிணறு. பக்கத்துச் செடியில் நேர்ச்சையாகக் கட்டிய துணிக் கீற்றுகள். பாதி நனைந்தும் வெளுத்தும் போயிருந்த அவற்றுக்கிடையே ஒரு குழந்தையின் காலுறையைக் கண்டேன். அந்த வீட்டில் என்ன நடந்ததோ என்று எண்ணி அங்கேயே செபமாலையில் ஒரு பத்துமணி சொன்னேன். குன்றிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் டண்டாக் விரிகுடா, மறுபக்கம் வட அயர்லாந்தின் மலைகள்.

ஒரு செய்தி உன் தம்பிக்கு. அவர் படித்த அடையாறு புனித பேட்ரிக் பள்ளியை நடத்தும் பேட்ரிசியன் சகோதரர்களின் சபையை 1808இல் டல்லோ என்ற ஊரில் தொடங்கியவர் ஆயர் டேனியல் டெலனி. அதற்கு முந்தைய ஆண்டில் அதே ஊரில் அவர் தொடங்கியதுதான் பிரிஜித்தின் பெயர் தாங்கிய அருட்சகோதரிகள் சபை. கில்டேரில் பல நூற்றாண்டுகளாக அணைந்து கிடந்த பிரிஜித்தின் விளக்கை 1993இல் மறுபடி ஏற்றியவர்கள் அந்தச் சகோதரிகள்தாம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு துணித்துண்டு வைத்திருக்கிறேன். திருநாளுக்கு முந்தின இரவில் ஒரு துணியை வெளியே போட்டு வைத்தால், பிரிஜித் அவ்வழியே போகும்போது அதைத் தொட்டு ஆசீர்வதிப்பார் என்பது இவ்வூர் நம்பிக்கை. தலைவலிக்கும் தொண்டைக் கட்டுக்கும் அதைச் சுற்றிக்கொள்வார்கள். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கும் போர்த்துவார்கள். வெள்ளிக்கிழமை இரவு வேலிச் செடியில் நான் விரித்து வைத்த துணி, என் அம்மாவின் நீலக் கட்டம் போட்ட நூல் சேலையிலிருந்து கிழித்தது. பரீட்சைக் காலத்தில் நாம் இருவரும் அந்தச் சேலையைத்தான் போர்த்திக்கொண்டு திண்ணையில் படித்தோம், உனக்கு நினைவிருக்கும். காலையில் எடுத்தபோது பனியில் விறைத்துப் போயிருந்தது. அடுப்பருகே காயவைத்து மடித்தேன். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையில் இதையும் வைத்துவிடு. மருத்துவர் சொல்கிறபடியே எல்லாம் நடக்கட்டும். இது அவள் தலையணைக்கடியில் இருந்தால் போதும்.

குழந்தை பிறந்ததும், எந்த நேரமானாலும் சரி, தொலைபேசியில் சொல்லிவிடு.

என்றும் உன்
அன்புத் தோழி