இந்த வாட்டி புது ஆர்ஓ மெஷினுக்கு இல்ல, இருக்கறத ரிப்பேர் பண்ணவும் மெயின்டனன்ஸுக்கும் காசு கேக்கறோம்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்துல நம்ம தெரு தண்ணி கமிட்டில இருந்து எழுதறோம், ஊர்ல இருக்கறவங்க, சிங்கப்பூர் துபாய்னு போன தம்பிங்க எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க.

போன வாரம் டிடிஎஸ் மீட்டர் (ஒரு லிட்டர் தண்ணில எத்தன மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டறது) ஒண்ணு வாங்கி தெரு அடிபம்பு எல்லாத்துலயும் பாத்தோம், கோயில் பின்னாடி இருக்கறதுல 2140னு காட்டுச்சு. குடிக்கற தண்ணி 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும் ஓகேன்னுதான் ஐஎஸ்ஐ கணக்கு, நாம அதையும் தாண்டியாச்சு. மீட்டர் எதுக்கு, அந்தத் தண்ணில டீ போட்டா பால் திரியுது, துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் முழுசு முழுசா கெடக்குது, சில்வர் குடத்து அடில வெள்ளையா படிஞ்சத ஸ்பூனால சொரண்டுனா மாவு மாதிரி வருது.

சுனாமிலதான் உப்பாச்சுன்னு பெரியவங்க சொல்றாங்க, அது பாதிதான். கடலோரத்துல நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம், நல்லது மேல மிதக்கும், நாம மோட்டார் போட்டு இழுக்க இழுக்க கடல் உள்ள வந்துடும். காய்ச்சிக் குடிச்சா போதாதான்னு அக்காங்க சில பேர் கேட்டாங்க. கிருமி சாகும்க்கா, உப்பு எங்க போகும், தண்ணி வத்துனா இன்னும் ஜாஸ்திதான் ஆகும்.

அதுக்குத்தான் ஆர்ஓ. பிரஷர் குடுத்து தண்ணிய மெம்ப்ரேன்னு ஒரு மெல்லிசு சவ்வு வழியா தள்ளும், உப்பு இந்தப் பக்கமே நின்னுடும். (இந்த சவ்வ 1960 வாக்குல அமெரிக்காவுல செஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் சௌரிராஜன், நம்ம திருக்கண்ணபுரம் பெருமாள் பேரு!) இப்ப நீங்க கேக்கப்போறது தெரியும், ஏற்கனவே ஒரு மெஷின் இருந்துச்சே அது என்னாச்சுன்னு. ஒருத்தங்க போட்டுக் குடுத்தாங்க, ரிப்பன் வெட்டி சால்வை போத்தி போட்டோ எடுத்தோம், எட்டு மாசம் நல்லா ஓடுச்சு, அப்புறம் ஆர்ஓ தண்ணியே கரிக்க ஆரம்பிச்சுது. தப்பு நம்மளுதுதான். போர் தண்ணி பத்தலன்னு மேல்நிலைத் தொட்டி லைனையும் அதே டேங்க்ல விட்டோம், அதுல குளோரின் இருக்கும், அத புடிச்சு வெக்கற கார்பன நேரத்துக்கு மாத்தல, குளோரின் நேரா போய் மெம்ப்ரேன அரிச்சுடுச்சு. மாத்த காசு இல்ல, பூட்டிட்டோம். செத்த மெம்ப்ரேன அறுத்து கோயில் மண்டபத்துல வெச்சிருக்கோம், வந்து பாருங்க, பாய் சுருட்டுன மாதிரி இருக்கும்.

ஷெட்டும் ஹைபிரஷர் பம்பும் நல்லா இருக்குன்னு மெக்கானிக் பாத்து சொல்லிட்டாரு. புது மெம்ப்ரேன் ரெண்டு, மணல் கார்பன், பேனல் போர்டு எல்லாம் சேத்து 85,000. இதுக்கு மேல 1 லட்சம் பேங்க்ல போட்டு வெக்கணும், கார்பன் கார்ட்ரிட்ஜ் மாத்த மட்டும்தான் தொடுவோம், கோயில் திருவிழாவுக்குக் கூட கைமாத்து கெடையாது, மூணு பேர் கையெழுத்து வேணும், அதுல ரெண்டு பேர் மகளிர் குழு அக்காங்க. குடம் 5 ரூபாய்னு வாங்கறது கரண்ட் பில்லுக்கும் ஆப்பரேட்டருக்கும் சரியாப் போகும். வெளிய வர்ற கழிவுத்தண்ணி பொதுக் கழிப்பறை டேங்குக்குப் போகும், திரும்ப மண்ணுல விட மாட்டோம்.

இதுவரைக்கும் 41,500 சேந்திருக்கு. ஏப்ரல் 15க்கு மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சா 61 நாள் விசைப்படகு எதுவும் கெளம்பாது, அப்ப யார்கிட்டயும் கேக்க மனசு வராது, அதான் இப்பவே கேக்கறோம். 100 ரூபாயா இருந்தாலும் ரசீது உண்டு, வரவு செலவு மாசா மாசம் மண்டபத்து சுவத்துல ஒட்டுவோம். வெளிநாட்டுல இருக்கறவங்க வீட்டுல சொல்லி விடுங்க, அவங்க பேருலயே ரசீது போட்டுடறோம்.

ஞாயித்துக்கிழமை காலைல மீன் ஏலம் முடிஞ்சதும் மண்டபத்துல உக்காந்திருப்போம், வரும்போது உங்க வீட்டுத் தண்ணிய ஒரு பாட்டில்ல எடுத்துட்டு வாங்க, மீட்டர்ல பாத்து அங்கயே சொல்லிடறோம்.